டிரேடிங் சாஃப்ட்வேர் மோசடியில் போன பணத்தை மீட்பது: 1930 முதல் கோர்ட் உத்தரவு வரை

‘ஆட்டோ டிரேடிங் சாஃப்ட்வேர், அதுவே வாங்கும், அதுவே விற்கும், நீங்கள் பணம் மட்டும் போட்டால் போதும்’ என்று சொல்லித்தான் என்னிடமும் ஆரம்பித்தார்கள். 23 நாளில் 11 தடவையாக 5,85,000 ரூபாய் அனுப்பினேன். ஏழரை மாதம் அலைந்த பிறகு 1,42,000 ரூபாய் என் கணக்குக்குத் திரும்பி வந்தது. மீதி இன்னும் வரவில்லை.

அந்த ஏழரை மாதத்தில் நான்கு மாதம் வீணாகப் போனது. புகார் கொடுத்தாகிவிட்டது, இனி பணம் தானாக வந்துவிடும் என்று நினைத்துக் காத்திருந்தேன். அப்படி வராது. போலீசும் வங்கியும் சேர்ந்து பணத்தை ஒரு கணக்கில் நிறுத்திவைப்பார்கள். சிறு தொகையாக இல்லாவிட்டால், அந்தப் பணத்தை நாம்தான் நீதிமன்றத்தில் மனுப் போட்டுக் கேட்டு வாங்க வேண்டும். இதை யாராவது முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தால் எனக்குப் பாதி அலைச்சல் குறைந்திருக்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு நான் நடந்த வழி இது. மற்ற மாநிலங்களிலும் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணும் சட்டப் பிரிவுகளும் இதேதான்.

1. இனி ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்

செயலியில் லட்சக்கணக்கில் லாபம் காட்டும். எடுக்கப் போனால் ‘20 சதவீதம் வரி கட்டுங்கள்’, ‘கணக்கைச் சரிபார்க்க டெபாசிட் போடுங்கள்’, ‘செபி கட்டணம்’ என்று ஏதாவது வரும். என்னுடைய கடைசி இரண்டு தடவையும் இந்த ‘வரி’க்காகப் போனவைதான்.

இந்தியாவில் உண்மையான புரோக்கரிடமிருந்து உங்கள் பணத்தை எடுக்க முன்பணம் கட்ட வேண்டியதே இல்லை. பங்குப் பரிவர்த்தனை வரி, முத்திரைத் தீர்வை எல்லாம் வாங்கும்போதும் விற்கும்போதும் கணக்கிலேயே கழிந்துவிடும். லாபத்துக்கான வருமான வரியை நீங்கள் நேராக வருமான வரித் துறைக்குக் கட்டுவீர்கள், புரோக்கர் சொல்லும் யாரோ ஒருவருடைய சேமிப்புக் கணக்குக்கு அல்ல. ‘வெளிநாட்டு நிறுவன முதலீட்டாளர் கணக்கு மூலம் மலிவாகப் பங்கு வாங்கித் தருகிறோம்’ என்று சொல்லியிருந்தாலும் அது பொய். இந்தியாவில் குடியிருப்பவர்களுக்கு அந்த வழி கிடையாது என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 பிப்ரவரியிலேயே எச்சரித்திருக்கிறது.

அவர்களிடம் ‘நீ மோசடிக்காரன், போலீசுக்குப் போகிறேன்’ என்று சொல்லவும் வேண்டாம். சொன்ன நிமிடமே குரூப்பை அழித்துவிடுவார்கள். ‘பணம் ஏற்பாடு பண்ணுகிறேன், நாளைக்குச் சொல்கிறேன்’ என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

உங்கள் திரையை அவர்கள் பார்க்கும்படியான செயலி ஏதாவது ஏற்றச் சொல்லியிருந்தால், உடனே போனின் நெட்டை அணையுங்கள். வேறு ஒரு போனிலிருந்து வங்கிக் கடவுச்சொல்லையும் யூபிஐ பின்னையும் மாற்றுங்கள்.

2. அடுத்த போன் 1930-க்கு

காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். நம் பணம் முதல் கணக்கில் தங்குவதே இல்லை. அங்கிருந்து நாலைந்து கணக்குகளுக்குப் பிரியும், அவற்றிலிருந்து இன்னும் பல கணக்குகளுக்குப் போகும், கடைசியில் ஏடிஎம்மிலோ காசோலையிலோ எடுக்கப்படும், இல்லை கிரிப்டோவாக மாறிவிடும். எந்தக் கணக்கில் இன்னும் மிச்சம் இருக்கிறதோ அதைத்தான் நிறுத்திவைக்க முடியும். நான் கடைசியாக அனுப்பியது மாலை 4:10-க்கு. இரவு 9 மணிக்குத்தான் என் கணவரிடம் சொன்னேன், 9:40-க்கு லைன் கிடைத்தது. பிறகு நிறுத்திவைக்கப்பட்ட தொகையில் பெரும்பகுதி அன்றைய பணம்தான். முதல் இரண்டு வாரத்தில் அனுப்பியதில் ஒரு ரூபாயும் மிஞ்சவில்லை.

தமிழிலேயே பேசலாம். லைன் பிஸியாக இருந்தால் விடாமல் அடியுங்கள், கூடவே வீட்டில் இன்னொருவர் அடுத்த படியில் சொல்லும் இணையதளத்தைத் திறக்கட்டும். போன் எடுத்ததும் கேட்பது இவற்றைத்தான்: உங்கள் பெயர், மொபைல் எண், வங்கி, கணக்கு எண், எப்போது எவ்வளவு அனுப்பினீர்கள், யூடிஆர் எண் (ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் வங்கியில் பதிவாகும் எண்) என்ன.

இந்த யூடிஆர் எண்ணில்தான் நான் பத்து நிமிடம் தொலைத்தேன். மோசடிச் செயலியில் ‘ஆர்டர் எண்’ என்று ஒன்று இருந்தது, அதைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். மறுமுனையில் இருந்தவர் பொறுமையாக, ‘அம்மா, அது வேண்டாம், பேங்க்ல இருந்து போன நம்பர், பன்னிரண்டு இலக்கம் இருக்கும் பாருங்க’ என்றார். யூபிஐ, ஐஎம்பிஎஸ் இரண்டுக்கும் 12 இலக்கம். நெஃப்ட் என்றால் 16 எழுத்தும் எண்ணும் கலந்து இருக்கும், ஆர்டிஜிஎஸ் என்றால் 22. போன்பே-யில் ‘டி’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பரிவர்த்தனை எண் வேறு, அதற்குக் கீழே இருக்கும் யூடிஆர் வேறு. கூகுள் பே-யிலும் கூகுளின் சொந்த எண் ஒன்று, யூபிஐ பரிவர்த்தனை எண் ஒன்று என்று இரண்டு இருக்கும். யூபிஐ எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் வங்கி ஸ்டேட்மென்டைத் திறந்து அதில் இருப்பதைப் படியுங்கள்.

சொல்லும்போது கடைசியாக அனுப்பியதை முதலில் சொல்லுங்கள். பிழைக்க வாய்ப்புள்ள பணம் அதுதான். நான் முதல் நாளிலிருந்து வரிசையாகச் சொல்லத் தொடங்கினேன், அது தப்பு.

பேசி முடித்ததும் குறுஞ்செய்தியில் ஒப்புகை எண் வரும். அதைத் தாளில் எழுதி வையுங்கள். இனி ஏழெட்டு மாதத்துக்கு எங்கே போனாலும் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.

3. 24 மணி நேரத்துக்குள் இணையதளப் புகாரை முடியுங்கள்

1930-ல் பேசியதோடு புகார் முழுமையாகிவிடாது. சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் என்ற தளத்தில் மொபைல் எண், ஓடிபி கொண்டு உள்ளே போய், அதே ஒப்புகை எண்ணில் விவரங்களை நிரப்ப வேண்டும். தேடுபொறியில் தேடினால் இதே மாதிரிப் பெயரில் போலித் தளங்கள் வரலாம். முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். அரசு தளம் ஒரு பைசா கட்டணம் கேட்காது.

ஒவ்வொரு பணப் பரிமாற்றத்தையும் தனித்தனி வரியாகச் சேர்க்க வேண்டும். ‘மொத்தம் 5,85,000 ரூபாய்’ என்று ஒரே வரியில் போட்டால் எந்த வங்கியாலும் எதையும் தேட முடியாது. சின்னத் தொகை என்று எதையும் விடாதீர்கள். நான் முதலில் அனுப்பிய 5,000 ரூபாயை எழுதாமல் விட்டேன், பிறகு அதைச் சேர்க்க ஸ்டேஷனில் துணை மனு எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது.

நடந்ததை எழுதும் இடத்தில் கதை வேண்டாம். எந்தத் தேதியில் எந்த எண்ணிலிருந்து தொடர்புகொண்டார்கள், என்ன சொன்னார்கள், எந்தச் செயலி அல்லது தள முகவரி, எந்தக் கணக்குகளுக்கு அனுப்பினீர்கள், எடுக்கப் போனபோது என்ன கேட்டார்கள். இந்த வரிசை போதும்.

4. வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள், முத்திரை வாங்குங்கள்

மறுநாள் கிளை திறந்ததும் போங்கள். ‘நீங்களே அனுப்பியது, நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது’ என்று சொல்வார்கள். என்னிடம் மூன்று பேர் சொன்னார்கள். அதற்காகத் திரும்பி வந்துவிடாதீர்கள். ஒப்புகை எண், யூடிஆர் பட்டியல், பணம் போன கணக்குகளின் எண், ஐஎஃப்எஸ்சி எல்லாம் போட்டு இரண்டு பிரதி கடிதம் எடுத்துப்போய், ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் தேதியோடு முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் வங்கியின் குறைதீர் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள், பதிவுத் தபாலிலும் ஒரு பிரதி போகட்டும்.

இங்கே ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்களுக்குத் தெரியாமல், உங்கள் ஒப்புதல் இல்லாமல் பணம் போயிருந்தால், ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை உங்களுக்குக் கைகொடுக்கும். தவறு உங்களுடையதோ வங்கியுடையதோ இல்லை என்னும்போது, தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் புகார் கொடுத்தால் இழப்பு உங்கள் தலையில் விழாது. ஏமாந்து நாமே பின் போட்டு அனுப்பியிருந்தால் அந்தச் சுற்றறிக்கையைக் காட்டிப் பணம் கேட்க முடியாது. ஆனால் 1930 புகார் வந்தபிறகும் வங்கி தாமதித்தது, கடிதத்துக்குப் பதிலே தரவில்லை என்றால் அது தனிக் குறை. 30 நாள் காத்திருந்து ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனுக்கு (வங்கிகள் மீதான புகார்களை விசாரிப்பவர்) இணையத்தில் எழுதலாம், கட்டணம் இல்லை. அப்போது அந்த முத்திரை போட்ட கடிதம்தான் உங்கள் ஆதாரம்.

கிரெடிட் கார்டிலோ டெபிட் கார்டிலோ கட்டியிருந்தால் வங்கியில் ‘சார்ஜ்பேக்’ (கார்டில் போன பணத்தைத் திருப்பிக் கேட்பது) கேட்டு எழுதுங்கள். அதற்குக் காலக்கெடு உண்டு, பொதுவாக 120 நாள். கடைசி வாரம் வரை விடாதீர்கள்.

தனிநபர்க் கடன் வாங்கி அனுப்பியிருந்தால் தவணை நிற்காது. மோசடி என்று சொன்னாலும் கடன் உங்கள் பெயரில்தான் இருக்கும். முடியாது என்றால் முதல் தவணை தவறுவதற்கு முன்பே வங்கியிடம் எழுதிக் கேளுங்கள்.

5. ஆதாரம்: அழிவதற்கு முன் எடுங்கள்

செயலியை ஆத்திரத்தில் நீக்கிவிடாதீர்கள். அதற்குள் இருக்கும் உங்கள் கணக்கு, இருப்பு, ‘வரி கட்டு’ என்று வந்த செய்தி, வாடிக்கையாளர் சேவை உரையாடல் எல்லாவற்றையும் படம் பிடித்த பிறகு நீக்குங்கள். செயலியே உளவு பார்க்கிறது என்ற பயம் இருந்தால் நெட்டை அணைத்துவிட்டு, வேறு போனால் படம் எடுங்கள்.

வாட்ஸ்அப் உரையாடலை ‘எக்ஸ்போர்ட்’ செய்து உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள், படங்களோடு சேர்த்து. டெலிகிராம் என்றால் அவசரம் இன்னும் அதிகம். அவர்கள் பக்கத்திலிருந்தே அழித்தால் உங்கள் பக்கத்திலும் போய்விடும். கணினியில் டெலிகிராமைத் திறந்து மொத்த உரையாடலையும் இறக்கி வையுங்கள். பெயரை மட்டும் படம் எடுத்தால் பயனில்லை, பெயரை நொடியில் மாற்றுவார்கள். நாட்டுக் குறியீட்டோடு முழு மொபைல் எண், டெலிகிராமின் பயனர் பெயர், தளத்தின் முழு முகவரி, செயலியை இறக்கிய இணைப்பு எல்லாம் தெரிய வேண்டும்.

கிரிப்டோவாக அனுப்பியிருந்தால் பரிவர்த்தனை ஹாஷ் எண்ணும் அவர்களுடைய வாலட் முகவரியும் எழுத்து பிசகாமல் வேண்டும். எந்த எக்ஸ்சேஞ்சிலிருந்து அனுப்பினீர்களோ அங்கேயும் அன்றே புகார் எழுதுங்கள்.

நான் ஒரு நீளக் கோட்டு நோட்டில் ஆறு கட்டம் போட்டேன்: தேதி, நேரம், தொகை, என் கணக்கு, அவர்கள் கணக்கு, யூடிஆர். பதினோரு வரி. அந்த ஒரு பக்கத்தைத்தான் வங்கி, ஸ்டேஷன், வழக்கறிஞர், கோர்ட் குமாஸ்தா என்று நான்கு இடத்திலும் நகல் எடுத்துக்கொண்டார்கள். மற்ற 90 பக்கத்தையும் யாரும் என் கண் முன்னால் புரட்டவில்லை.

மின்னணு ஆதாரத்துக்கு பாரதிய சாக்ஷ்ய அதினியம் (இப்போதைய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் கேட்பார்கள். படிவத்தை விசாரணை அதிகாரியிடமோ வழக்கறிஞரிடமோ கேட்டால் தருவார்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்த போனை விற்காதீர்கள், ஃபார்மட் பண்ணாதீர்கள்.

6. சிஎஸ்ஆர் ரசீதோடு திரும்பாதீர்கள், எஃப்ஐஆர் கேளுங்கள்

இணையதளப் புகார் உங்கள் மாவட்ட சைபர் கிரைம் ஸ்டேஷனுக்குப் போகும். அழைப்பு வரும் என்று காத்திருக்காமல் மூன்று நான்கு நாளில் நேரில் போய்விடுங்கள். எடுத்துப்போக வேண்டியது: எழுதிக் கையெழுத்திட்ட புகார், ஒப்புகை எண், ஆதார் நகல், அந்தக் காலத்துக்கான வங்கி ஸ்டேட்மென்ட் வங்கியின் முத்திரையோடு, யூடிஆர் பட்டியல், உரையாடல் பிரதி, எல்லாம் சேர்ந்த ஒரு பென்டிரைவ்.

தமிழ்நாட்டில் புகாரை வாங்கிக்கொண்டு சிஎஸ்ஆர் போட்டுக் கொடுப்பது வழக்கம். அது புகார் வந்தது என்பதற்கான ரசீது மட்டும்தான். வழக்குப் பதிவாக வேண்டும் என்றால் எஃப்ஐஆர் வேண்டும். எனக்கு அது தெரியாமல் சிஎஸ்ஆர் தாளை பத்திரமாக பீரோவில் வைத்திருந்தேன். 19-ஆம் நாள்தான் எஃப்ஐஆர் ஆனது, அதுவும் நாலாவது தடவை போய்க் கேட்ட பிறகு.

என்ன சொல்லித் தட்டிக்கழிப்பார்கள், அதற்கு என்ன சொல்வது:

‘பணம் போன அக்கவுன்ட் ராஜஸ்தானில் இருக்கிறது, அங்கே போங்கள்’ என்றால், செய்தி உங்களுக்கு வந்து சேர்ந்த இடத்திலும் வழக்கு நடத்தலாம் என்று பிஎன்எஸ்எஸ் (இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 202-ஆம் பிரிவு சொல்கிறது. எல்லை எதுவானாலும் புகாரைப் பதிய வேண்டும் என்று 173-ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் பேசுகிற தோரணையில் வேண்டாம், புகாரிலேயே ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.

‘இன்ஸ்பெக்டர் இல்லை’ என்றால் அதில் நியாயம் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்ட வழக்கை இன்ஸ்பெக்டர் அல்லது அவருக்கு மேலே உள்ளவர்தான் விசாரிக்க முடியும். அவர் எப்போது இருப்பார் என்று கேட்டு அந்த நேரத்துக்குப் போங்கள்.

கடைசி வரை பதியவே இல்லையென்றால், புகாரை எழுத்தில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு, மாநகரம் என்றால் கமிஷனர் அலுவலகத்துக்கு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் நேரடியாக மனுச் செய்யலாம். தபால் ரசீது அதற்குத் தேவைப்படும்.

எஃப்ஐஆரில் பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய தண்டனைச் சட்டம்) 318(4), தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி ஆகிய பிரிவுகள் இருக்கிறதா, மொத்தத் தொகையும் யூடிஆர் எண்களும் சரியாக ஏறியிருக்கிறதா என்று அங்கேயே வாசித்துப் பாருங்கள். நகலை இலவசமாகத் தர வேண்டும். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் புகார்தாரருக்குச் சொல்ல வேண்டும் என்பதும் சட்டத்தில் உண்டு. அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்து, போய்க் கேளுங்கள்.

7. எந்தக் கணக்கில் எவ்வளவு நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி இதுதான், யாரும் தாமாக வந்து பதில் சொல்ல மாட்டார்கள். விசாரணை அதிகாரியிடம் ‘சார், என் ஒப்புகை எண்ணில் எவ்வளவு ஹோல்டு ஆகியிருக்கு, எந்த பேங்க், எந்த அக்கவுன்ட்?’ என்று கேளுங்கள். அவர்களுக்குக் கணினியில் தெரியும்.

எனக்கு மூன்று கணக்குகளில் 1,18,000, 31,500, 7,500 என மொத்தம் 1,57,000 ரூபாய் நின்றிருந்தது. மூன்றும் மூன்று மாநிலம். இது புகார் கொடுத்த நான்காம் நாளே அவர்களுடைய திரையில் இருந்த விவரம். எனக்குத் தெரிந்தது நான்காம் மாதம்.

வங்கி பெயர், கிளை, கணக்கு எண், நிறுத்திவைத்த தொகை, பணம் கைமாறிய வரிசையில் அந்தக் கணக்கு எத்தனையாவது அடுக்கு என்பதை எழுதி வாங்குங்கள். இது இல்லாமல் கோர்ட் மனு நகராது.

ஒன்றுமே நிற்கவில்லை என்று பதில் வந்தால், உண்மையைச் சொல்கிறேன், உடனடியாகப் பணம் வர வழி இல்லை. யாராவது கைதாகி அவர்களிடமிருந்து பணம் கைப்பற்றப்பட்டால்தான் உண்டு. அந்த நிலையில் இருப்பவர்கள்தான் அடுத்த பத்தியை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

8. ‘மீட்டுத் தருகிறோம்’ என்று வருபவர்கள்

புகார் கொடுத்த மூன்றாம் வாரம் எனக்கு ஒரு அழைப்பு வந்தது. நல்ல தமிழ். என் பெயர், இழந்த தொகை, மோசடிச் செயலியின் பெயர் எல்லாம் சரியாகச் சொன்னார். ‘உங்கள் பணம் பிளாக்செயினில் மாட்டியிருக்கிறது, 8 சதவீதம் கட்டணம் கட்டினால் 48 மணி நேரத்தில் எடுத்துத் தருவோம்’ என்றார். தொகையெல்லாம் தெரிகிறதே, போலீசாகத்தான் இருக்கும் என்று ஒரு நிமிடம் நம்பினேன். விவரம் தெரியக் காரணம், ஏமாற்றிய கும்பலே அந்தப் பட்டியலை வைத்திருக்கிறது அல்லது விற்கிறது என்பதுதான்.

1930 பணம் கேட்காது. காவல்துறை, செபி, ரிசர்வ் வங்கி, கோர்ட் எதுவும் போனில் பணம் கேட்காது. ஹேக்கர், பிளாக்செயின் நிபுணர், ‘சைபர் செல் அதிகாரி’ என்று வீடியோ அழைப்பில் சீருடையோடு வருபவர், எல்லாம் ஒரே வகை. பணம் இழந்தேன் என்று பொதுவெளியில் எண்ணோடு எழுதாதீர்கள், அன்றே வந்துவிடுவார்கள்.

9. கோர்ட் மனு

எஃப்ஐஆர் பதிவான ஸ்டேஷனுக்கு உரிய நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தில், நிறுத்திவைத்த பணத்தை இடைக்காலமாக எனக்குத் திருப்பித் தர உத்தரவிட வேண்டும் என்று மனுப் போட வேண்டும். பழைய சட்டத்தில் 451, 457 என்று இருந்தவை இப்போது பிஎன்எஸ்எஸ்ஸில் 497, 503. வழக்கறிஞர் எந்தப் பிரிவு பொருந்தும் என்று பார்த்துப் போடுவார். வழக்கு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

மனுவோடு வைத்தவை: எஃப்ஐஆர் நகல், 1930 ஒப்புகை, முத்திரையோடு என் ஸ்டேட்மென்ட், யூடிஆர் பட்டியல், எந்தக் கணக்கில் எவ்வளவு நிற்கிறது என்ற விவரம், ஆதார், என் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், பிரமாணப் பத்திரம். உத்தரவு வரும்போது, பின்னால் வேறு யாருக்கு உரிமை என்று தீர்ப்பானால் திருப்பிக் கொடுப்பேன் என்று பத்திரம் எழுதித் தரச் சொன்னார்கள், ஒரு ஜாமீன்தாரரையும் கேட்டார்கள்.

மனு முதல் தடவையே நம்பர் ஆகும், அதாவது கோர்ட் ஏற்று எண் கொடுக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். என்னுடையது ஒரு தடவை ரிட்டர்ன் ஆனது, வங்கிக் கிளையின் முகவரி இல்லை என்று. பிறகு போலீஸ் தரப்பில் ‘ஆட்சேபம் இல்லை’ என்று அறிக்கை வர வேண்டும். தாமதம் முழுக்க இங்கேதான். இரண்டு வாய்தா அறிக்கை வராமலே தள்ளிப்போனது. மூன்றாவது வாய்தாவுக்கு முந்தின நாள் நானே ஸ்டேஷனுக்குப் போய், கோர்ட் காவலர் யார் என்று விசாரித்து, அறிக்கை கையெழுத்தாகி பையில் போவதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள், இந்த ஒரு வேலையை நீங்களே செய்யுங்கள்.

செலவு: வழக்கறிஞருக்கு 12,000, பத்திரம், நோட்டரி, நகல், மனுவில் ஒட்டும் வில்லை எல்லாம் சேர்த்து இன்னொரு 1,600 ரூபாய் எனக்கு ஆனது. தொகை சதவீதத்தில் பேசும் வழக்கறிஞரிடம் போகாதீர்கள், மொத்தமாக ஒரு கட்டணம் பேசுங்கள். இந்த 12,000-ம் எனக்கு மிஞ்சியிருக்கும். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் வைத்துத் தருவார்கள், மற்றவர்களுக்கு வருமானத்தைப் பொறுத்து. 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்கு அடித்தும் கேட்கலாம். குஜராத் போன்ற மாநிலங்களில் லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) மூலமாகவே நிறுத்திவைத்த பணத்தைத் திருப்பித் தந்திருக்கிறார்கள். உங்கள் மாவட்டத்தில் அடுத்த லோக் அதாலத்தில் எடுப்பார்களா என்பதையும் அங்கேயே கேளுங்கள்.

ஒரே கணக்கில் பலருடைய பணம் கலந்திருந்தால் முழுத் தொகையும் கிடைக்காது. என்னுடைய 31,500 ரூபாய்க் கணக்கில் இன்னொருவரும் உரிமை கேட்டிருந்தார், எனக்கு 16,500 வந்தது.

10. உத்தரவு கையில் வந்த பிறகு

சாதாரண நகலை வங்கி ஏற்காது. சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டு, குறைந்தது மூன்று வாங்குங்கள். ஒன்று விசாரணை அதிகாரிக்கு, அவர் தம் கடிதத்தோடு அந்த வங்கிக்கு அதிகாரபூர்வ மின்னஞ்சலில் அனுப்புவார். இன்னொன்றை நீங்கள் பதிவுத் தபாலில் அந்தக் கிளைக்கும், வங்கியின் தலைமை அலுவலகத்து நோடல் அதிகாரிக்கும் (இதற்கான பொறுப்பு அதிகாரி) அனுப்புங்கள். உத்தரவில் உங்கள் கணக்கு எண்ணில் ஒரு இலக்கம் தப்பாக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள், திருத்த இன்னொரு மனு. நகல் வாங்கும்போதே ஒவ்வொரு எண்ணாகச் சரிபாருங்கள். எனக்கு உத்தரவிலிருந்து பணம் ஏற ஐந்து வாரம் ஆனது.

11. உங்கள் கணக்கே முடங்கினால்

பலருக்கு இது நடக்கிறது, ஏன் என்று புரியாமல் தவிக்கிறார்கள். நம்பிக்கை வருவதற்காக ஆரம்பத்தில் கொஞ்சம் ‘லாபம்’ எடுக்க விடுவார்கள். எனக்கு மூன்றாம் நாள் 3,000 ரூபாய் வந்தது. அது என்னைப் போல ஏமாந்த வேறொருவரின் பணம். அவர் புகார் கொடுத்ததும், பணம் போன வழியில் என் கணக்கும் வந்து, இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் பால்காரருக்குப் பணம் அனுப்பப் போனால் கணக்கு முடங்கியிருந்தது.

பயப்படாதீர்கள், நீங்கள் குற்றவாளி ஆகிவிடவில்லை. எந்த மாநிலப் போலீஸ், எந்த ஒப்புகை எண் என்று வங்கியிடம் எழுதிக் கேளுங்கள். அந்த ஸ்டேஷனுக்கு உங்கள் எஃப்ஐஆர் நகல், ஸ்டேட்மென்ட், ‘நானும் இதே செயலியில் ஏமாந்தவள், இந்தத் தொகை இப்படி வந்தது’ என்ற கடிதம் ஆகியவற்றை மின்னஞ்சலில் அனுப்புங்கள், உங்கள் விசாரணை அதிகாரிக்கும் ஒரு பிரதி. பிரச்சினைக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியை விடும்படி வங்கியிடமும் எழுதுங்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் இப்படியொரு வழக்கில், குறிப்பிட்ட தொகையை இருப்பில் வைத்துக்கொண்டு கணக்கைப் பயன்படுத்த அனுமதித்திருக்கிறது. என்னுடையதில் 3,000 ரூபாயை மட்டும் பிடித்துவைத்து மூன்று வாரத்தில் திறந்துவிட்டார்கள். சம்பளம் அந்தக் கணக்கில்தான் வரும் என்றால், புகார் கொடுக்கும் வாரத்திலேயே வேறு வங்கியில் ஒரு கணக்கு தொடங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

12. மீதித் தொகை

பணம் ஒரு தடவை வந்ததும் வழக்கு முடிந்ததாக எழுதிக் கொடுக்கச் சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள். கிடைத்த தொகைக்கு மட்டும் ரசீது கொடுங்கள், ‘மீதி 4,43,000 ரூபாய் நிலுவை’ என்று அதில் எழுதுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை விசாரணை அதிகாரியைப் பார்த்து, புதிதாக ஏதாவது கணக்கு நிறுத்தப்பட்டதா, யாராவது கைதானார்களா என்று கேளுங்கள். அதிகாரி மாறுதலாகிப் போனால் புதியவரிடம் எஃப்ஐஆர் எண்ணையும் யூடிஆர் பட்டியலையும் மறுபடி கொடுங்கள். புதிதாகத் தொகை நின்றால் அதற்கும் 9-ஆம் படியில் சொன்ன அதே மனுதான், அந்தக் கணக்கின் விவரத்தை மட்டும் மாற்றிப் போட வேண்டும். என்னுடைய நோட்டில் அதற்காகக் கடைசி இரண்டு பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.